கணிப்பொறிகளின் துபாஷி: சாம்பாவின் வரலாறு

மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் போடிநாயக்கனூருக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதை அறிவீர்களா? 1902-ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டிப் பாதை ஒன்று போடப்பட்டது. 1908-இல் அதற்குப் பதிலாகச் சிறிய இரட்டைத் தண்டவாள இரயில் பாதை வந்தது. தேயிலைப் பெட்டிகள் இப்பாதை வழியாக 'டாப் ஸ்டேஷன்' என்னும் மலைமுகட்டை அடைந்தன. அங்கே வண்டியிலிருந்து இறக்கப்பட்டு, கம்பிவடத்தில் தொங்கியவாறு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சரிவில் இறங்கிக் கொட்டகுடிக்கு வந்தன. கொட்டகுடியில் மறுபடியும் இறக்கப்பட்டு மாட்டுவண்டியில் ஏறின. அதன்பின் சுமார் 15 கிலோமீட்டர் கடந்து போடியை அடைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை இரயில் பாதையை அழித்துவிட்டது. 'டாப் ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது.

இந்தப் பயணத்தில் தண்டவாளம், கம்பிவடம், மாட்டுவண்டி என மூன்று ஊர்திகள் இருந்தன. ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஓடாது. ஆயினும் பெட்டிக்குள் இருந்த தேயிலை மாறவில்லை. மாற்றிடத்தில் நின்று ஒன்றிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றியவர்களால்தான் இது இயன்றது.

இதே சிக்கலைத் தீர்க்க வேறொரு வழியும் உண்டு. அதையும் போடி மக்கள் நன்கறிவர். மதுரைக்கும் போடிக்கும் இடையே 2010-ஆம் ஆண்டின் இறுதி வரை மீட்டர் கேஜ் வண்டி ஓடிற்று. தண்டவாளங்களுக்கிடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி உடைய பாதை அது. அகலப் பாதையிலோ இந்த இடைவெளி 1,676 மில்லிமீட்டர். ஒன்றின் பெட்டி மற்றொன்றில் ஓட வழியில்லை என்பதால் பழைய பாதையை முழுவதும் பெயர்த்துவிட்டுப் புதிய பாதை அமைத்தார்கள். போடி நிலையத்துக்கு மீண்டும் இரயில் வந்த நாள் 2023 ஜூன் 15. அதுவரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்நிலையம் வண்டியின்றிக் கிடந்தது.

ஆக, ஒத்துப்போகாத இரு முறைகள் சந்திக்கும்போது இரு வழிகள் உள்ளன. ஒன்று, எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றுவது. மற்றொன்று, சந்திக்கும் இடத்தில் ஒரு மாற்றாளரை நிறுத்துவது. கணிப்பொறி உலகிலும் இதே நிலை தோன்றியது. அங்கே மாற்றாளராக வந்து நின்ற 'சாம்பா' என்னும் செயல்நிரலின் வரலாற்றையே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

இரு வேறு உலகங்கள்

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையை உருவாக்கத் தொடங்கினர். விலையுயர்ந்த ஒரே பொறியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. எனவே 'இந்தக் கோப்பு யாருடையது? இதை யார் படிக்கலாம்? யார் திருத்தலாம்?' என்ற வினாக்கள் யூனிக்ஸின் அடித்தளத்திலேயே இடம்பெற்றன.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி சந்தைக்கு வந்தது. அதை இயக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாஸ் முறை முற்றிலும் வேறுவகைப்பட்டது. மேசைமேல் ஒரு பொறி, அதன்முன் ஓர் ஆள் என்பதே அதன் கருத்து. எல்லாக் கோப்பும் அந்த ஒருவருக்கே உரியதாகையால் உரிமை பற்றிய வினாவுக்கு அங்கு இடமில்லை. டாஸின் மேல் வளர்ந்ததே விண்டோஸ்.

இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடுகள் சிறியவை போலத் தோன்றும். ஆனால் தொல்லை தரக்கூடியவை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிய பெயரும் சிறிய எழுத்தில் எழுதிய அதே பெயரும் யூனிக்ஸுக்கு இரு வேறு கோப்புகள். டாஸுக்கும் விண்டோஸுக்கும் ஒன்றே. டாஸில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் நீளக்கூடாது; அதற்குப் பின் மூன்றெழுத்து வால் மட்டும் வரலாம். யூனிக்ஸில் இத்தகைய கட்டுப்பாடு கிடையாது. வட்டுகளுக்கு 'ஏ', 'சி' என எழுத்துப் பெயர் இடுவது டாஸின் வழக்கம். யூனிக்ஸில் எல்லா வட்டுகளும் ஒரே மரத்தின் கிளைகள்.

1980-களின் பிற்பகுதியில் நம் நாட்டு வங்கிகளில் கணிப்பொறிகள் நுழைந்தபோது அவற்றுள் பல யூனிக்ஸில் இயங்கின. அதே காலத்தில் ஊர்தோறும் தோன்றிய பயிற்சி நிலையங்களில் மாணவர்கள் கற்றது டாஸ். இரு உலகங்களும் அருகருகே இருந்தும் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு விளங்கவில்லை.

கோப்புகளைக் கம்பிவழியே பகிர்ந்துகொள்ள ஒவ்வோர் உலகமும் தனக்கென ஒரு பேச்சு முறையை வகுத்துக்கொண்டது. யார் முதலில் பேசுவது, என்ன கேட்பது, எப்படி விடையளிப்பது என்பதை வரையறுக்கும் இத்தகைய விதித் தொகுப்பையே புரோட்டோகால் என்கிறோம். நாம் இதைப் பரிமாற்ற விதி எனலாம். சன் நிறுவனம் 1984-இல் என்.எஃப்.எஸ். என்ற பரிமாற்ற விதியை யூனிக்ஸ் பொறிகளுக்காக வெளியிட்டது. அதன் விவரங்கள் 1989-இல் பொது ஆவணமாகவே அச்சேறின. தனியாள் கணிப்பொறிகளுக்கான பரிமாற்ற விதியை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பாரி ஃபைகன்பாம் 1983 வாக்கில் உருவாக்கினார். தன் வட்டிலுள்ள கோப்பைக் கேட்பதற்கு டாஸ் விடுக்கும் அதே வேண்டுகோளைக் கம்பிவழியே அடுத்த பொறிக்கு அனுப்பிவைப்பதே அதன் உட்பொருள். தொடக்கத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளாலேயே அது அழைக்கப்பட்டது, பின்னர் எஸ்.எம்.பி. எனப் பெயர் பெற்றது. மைக்ரோசாப்ட் அதை எடுத்துத் தன் போக்கில் மேலும் மேலும் விரித்துக்கொண்டே சென்றது.

கான்பெராவில் ஒரு மாணவர்

1991 டிசம்பர். ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவருடைய மேசையில் இருந்தது டாஸ் பொறி. கோப்புகள் இருந்ததோ சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் பொறிகளில். இரண்டையும் இணைக்க ஒரு மென்பொருளைப் பயன்படுத்திவந்தார்.

அப்போது டிஜிட்டல் நிறுவனத்தின் புதிய மென்பொருள் ஒன்று சோதனைக்கு வந்தது. அதை ஓட்டவேண்டுமானால் அந்நிறுவனத்தின் 'பாத்வொர்க்ஸ்' என்ற வலையமைப்பு மென்பொருளையே பயன்படுத்தவேண்டும். பாத்வொர்க்ஸோ டிஜிட்டல் நிறுவனத்தின் சர்வர்களோடு மட்டுமே பேசும். சன் பொறிகளோடு பேசாது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கவேண்டிய நிலை.

டிரிட்ஜெல் அதுவரை வலையமைப்புக்கான நிரல் எதையும் எழுதியதில்லை. ஆயினும் பாத்வொர்க்ஸ் பேசும் பேச்சு அவ்வளவு கடினமாக இராது, கண்டுபிடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றிற்று. டாஸ் பொறிக்கும் டிஜிட்டல் சர்வருக்கும் நடுவே அமர்ந்து, இருவர் பேசுவதையும் அப்படியே பதிவு செய்யும் ஒற்று நிரல் ஒன்றை எழுதினார். பிறகு டாஸ் பக்கத்தில் மிகச் சிறிய நிரல்களை எழுதி ஓட்டினார். ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறக்கும், வேறொன்றும் செய்யாது. இன்னொன்று சில பைட்களைப் படிக்கும். ஒவ்வொரு செயலின்போதும் கம்பியில் சென்ற பைட் வரிசை எவ்வாறு மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

சில நாள்களில் முதல் வெற்றி கிட்டியது. சன் பொறியில் அவர் எழுதிய நிரலை டிஜிட்டல் சர்வர் என்றே நம்பிக்கொண்டு அந்த டாஸ் பொறி பேசிற்று; ஒரு கோப்பையும் படித்தது. 1992 ஜனவரியில் அந்த நிரலை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்.

இயற்பியல் மாணவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. டிஜிட்டல் சர்வர் அனுப்பிய பொதிகளில் சில எண்கள் எப்போதும் ஒரே இடத்தில் வந்தன. அவற்றின் பொருள் டிரிட்ஜெலுக்குத் தெரியவில்லை. எனினும் அப்படியே தம் நிரலிலும் வைத்துக்கொண்டார். அவற்றின் பொருளை அறிய அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகளுக்கு 1885-இல் பால்மர் ஒரு சூத்திரம் கண்டார் அல்லவா? எண்கள் சரியாகப் பொருந்தின, காரணம் விளங்கவில்லை. 28 ஆண்டுகள் கழித்து 1913-இல் போர் அளித்த அணு மாதிரி காரணத்தைச் சொல்லிற்று. பொருந்துவதை முதலில் பதிவு செய்வதும் பொருளைப் பின்னர் தேடுவதும் அறிவியலில் பழகிப்போன நடைமுறைதான்.

மாட்டுத்தாவணியும் பிரெஞ்சு உணவகமும்

மதுரை வட்டாரத்தின் மாட்டுத்தாவணிகளில் விலை பேசும் முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தரகரும் வாங்குபவரும் துண்டுக்குள் கைகோத்து, விரல்களைப் பிடித்தே விலையைச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டை மட்டும் விலக்கிவிட்டால்? எந்த விரலைப் பிடித்தபின் எவ்வளவு பணம் கைமாறிற்று என்பதை நூறு பேரங்களில் கவனித்தால் விரல்களின் அகராதியை ஒருவர் எழுதிவிடலாம். டிரிட்ஜெலின் ஒற்று நிரல் செய்ததும் துண்டை விலக்கும் வேலையே.

அவரே இதற்குப் 'பிரெஞ்சு உணவக முறை' என்று பெயரிட்டிருக்கிறார். பிரெஞ்சு மொழி அறியாத ஒருவர் பிரான்சில் ஓர் உணவகத்தில் அமர்ந்து, பிறர் என்ன சொல்லிக் கேட்கிறார்கள், அதன்பின் மேசைக்கு என்ன வருகிறது என்று பார்த்தே மொழியைக் கற்பது போன்றதாம். போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களுள் பலர் மலையாளம் கற்ற வழியும் இதுதானே! எவரும் அவர்களுக்கு இலக்கண நூல் கொடுத்து அனுப்பவில்லை.

கேட்டு அறிவது முதற்படி. அடுத்து வந்தது கேட்டுப்பார்ப்பது. எஸ்.எம்.பி. விதியில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பைட் அளவுள்ள எண் உண்டு. ஆகவே மொத்தம் 256 எண்களே இயலும். எல்லா எண்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சர்வருக்கு அனுப்புங்கள். 'இப்படி ஒரு கட்டளை கிடையாது' என்று விடை வந்தால் அதைத் தள்ளுங்கள். 'நீ சொன்ன அளவு தவறு' என்பது போல வேறொரு பிழை வந்தால், அப்படி ஒரு கட்டளை உண்டு என்பது தெளிவு. பிழைச் செய்தியே இங்கு ஆசிரியராகிறது.

மூன்றாவது படி ஒப்பிடுவது. ஒரே வேண்டுகோளை உண்மையான விண்டோஸ் சர்வருக்கும் தம் நிரலுக்கும் அனுப்புவது. விடைகள் வேறுபட்டால் தம் நிரலைத் திருத்துவது. இந்தச் சோதனையைப் பொறியே ஓயாமல் செய்துகொண்டிருக்குமாறு அமைத்தார்கள்.

இந்த மூன்று படிகளிலும் பிறர் எழுதிய நிரலின் மூலத்தை எவரும் களவாடவில்லை என்பதைக் கவனியுங்கள். தன் பொறி தன் கம்பியில் என்ன பேசுகிறது என்பதைத்தான் கவனித்தார்கள். நோக்குதல், கருதுகோள் கொள்ளுதல், சோதித்தல், திருத்துதல் என்று நாம் வகுப்பில் சொல்லித்தரும் அதே வரிசை, மனிதர் படைத்த ஒரு பொருளின்மேல் செலுத்தப்பட்டது.

பெயர் பிறந்த கதை

ஏறத்தாழ ஈராண்டு இந்த நிரலை டிரிட்ஜெல் பெரிதாகக் கவனிக்கவில்லை. பின்னர் தம் வீட்டில் லினக்ஸ் பொறியையும் மனைவியின் கணிப்பொறியையும் இணைக்க விரும்பியபோது பழைய நிரலை மீண்டும் கையில் எடுத்தார். தாம் கண்டறிந்த பேச்சு டிஜிட்டல் நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று, மைக்ரோசாப்ட் பொறிகள் பேசும் எஸ்.எம்.பி.தான் என்பதையும், அதன் ஒரு பகுதிக்குப் பொது ஆவணங்களே இருப்பதையும் அக்காலத்தில் அறிந்துகொண்டார். அதனால் நிரல் விரைந்து வளர்ந்தது.

நிரலுக்கு அவர் வைத்திருந்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் அதை மாற்றவேண்டி வந்தது. 1994 ஏப்ரலில் தம் யூனிக்ஸ் பொறியில் இருந்த ஆங்கிலச் சொற்பட்டியலில், 'எஸ்' என்று தொடங்கி அதன்பின் 'எம்', 'பி' என்னும் எழுத்துகள் இதே வரிசையில் வரும் சொற்களைத் தேடுமாறு பொறிக்கு ஆணையிட்டார். கிடைத்த சொற்களுள் ஒன்று 'சாம்பா'. பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர் இப்படித்தான் ஒரு கோப்புப் பகிர்வு நிரலுக்கு வாய்த்தது. ஜெரிமி அலிசன் முதலிய பலர் விரைவிலேயே உடன் சேர, தனியாள் முயற்சி ஒரு குழுவின் பணியாயிற்று. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் பொது உரிமத்தின் கீழ் சாம்பா வெளிவந்துகொண்டிருக்கிறது.

துபாஷி செய்யும் வேலை

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்ததைப் படித்திருப்பீர்கள். இரு மொழி அறிந்தவரே துபாஷி. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது மட்டும் அவர் வேலையன்று. ஒரு பக்கத்தின் வழக்கத்தை மறுபக்கத்தின் வழக்கத்துக்குப் பொருத்திக் காட்டுவதும் அவர் பொறுப்பே. சாம்பா யூனிக்ஸ் அல்லது லினக்ஸ் சர்வரில் அமர்ந்து அந்தப் பொறுப்பை ஏற்கிறது.

விண்டோஸ் பொறி கோப்பு கேட்கும் உரையாடலைச் சற்றுப் பார்ப்போம். முதலில், 'இந்தப் பேச்சின் எந்தெந்த வடிவங்களை நீ அறிவாய்?' என்று கேட்கிறது. இருவருக்கும் தெரிந்தவற்றுள் சிறந்ததைச் சர்வர் தேர்கிறது. அடுத்து, 'நான் இன்னார், இதோ என் அடையாளம்' என்கிறது. பின்னர், 'உன்னிடமுள்ள இந்தப் பகிர்வை எனக்குக் காட்டு' என்கிறது. அதன் பிறகே திற, படி, எழுது, மூடு என்ற கட்டளைகள் வருகின்றன. பழைய வடிவத்தில் ஒவ்வொரு பொதியும் 255 என்ற பைட்டில் தொடங்கும். அதைத் தொடர்ந்து 83, 77, 66 என்னும் பைட்கள் வரும். இம்மூன்றும் எஸ், எம், பி என்னும் ஆங்கில எழுத்துகளின் குறியீட்டெண்களே.

இனி வழக்கங்களைப் பொருத்தும் வேலை. விண்டோஸ் ஒரு பெயரைக் கேட்கும்போது எழுத்தின் பெருமை சிறுமையைப் பாராட்டாது. யூனிக்ஸோ பாராட்டும். எனவே கேட்ட பெயர் அப்படியே இல்லையெனில், சாம்பா அந்த அடைவு முழுவதையும் தேடி ஒத்த பெயர் உண்டா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. ஓர் அடைவில் பல்லாயிரம் கோப்புகள் இருந்தால் இதனால் வேகம் குறையும்.

பூட்டு இன்னொரு சிக்கல். ஏலக்காய் வணிகர் ஒருவரின் கடையில் கணக்குப் பேரேடு சர்வரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு எழுத்தர்கள் ஒரே பேரேட்டை ஒரே நேரத்தில் திறந்து எழுதினால் ஒருவர் எழுதியது அழிந்துபோகும். ஒருவர் திறந்த கோப்பைப் பிறர் தொடக்கூடாது என்று விண்டோஸ் கட்டாயமாகத் தடுக்கவல்லது. யூனிக்ஸில் பூட்டு என்பது பெரும்பாலும் அறிவிப்புப் பலகை போன்றது, மதிப்பவர் மதிக்கலாம். விண்டோஸ் எதிர்பார்க்கும் கண்டிப்பை யூனிக்ஸின் மேல் அமைத்துக் காட்டுவது சாம்பாவின் மிக நுட்பமான பணிகளுள் ஒன்று.

தமிழில் பெயரிட்ட கோப்புகளும் உண்டல்லவா? போடியில் 'ஏலம்' என்றால் விளைபொருளையும் குறிக்கும், அதை விற்கும் முறையையும் குறிக்கும். அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கட்டும். யூனிகோடு முறையில் ஏ, ல, ம, புள்ளி என நான்கு குறிகள். விண்டோஸ் கையாளும் யூ.டி.எஃப். 16 என்னும் எழுதுமுறையில் இது 8 பைட். லினக்ஸில் வழங்கும் யூ.டி.எஃப். 8 முறையிலோ 12 பைட். பெயர் ஒன்றே, பைட்கள் வேறு. 2003-இல் வந்த சாம்பாவின் மூன்றாம் பதிப்பு முதல் இந்த மாற்றம் முறையாக நடைபெறுகிறது. அதற்குமுன் தமிழ்ப் பெயர்கள் மறுகரையில் கேள்விக்குறிகளாகவோ பொருளற்ற கிறுக்கல்களாகவோ தெரிய வாய்ப்பு இருந்தது.

பூட்டிய கதவும் நீதிமன்றமும்

கோப்புப் பகிர்வோடு கதை முடியவில்லை. 2000-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட், 'ஆக்டிவ் டைரக்டரி' என்னும் அமைப்பைக் கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்தின் பயனர்கள், கடவுச்சொற்கள், கணிப்பொறிகள் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் பதிவேடு அது. அடையாளம் சரிபார்க்கும் பொது விதிகள் சிலவற்றின் மேல் தன் சொந்தச் சேர்ப்புகளையும் வைத்து அது கட்டப்பட்டிருந்தது. அச்சேர்ப்புகளின் விவரம் வெளியாருக்குத் தெரியாது. எனவே மேசைப் பொறிகள் விண்டோஸாக இருந்தால் சர்வரும் விண்டோஸாகவே இருக்கவேண்டும் என்ற நெருக்கடி வளர்ந்தது.

இது நுட்பச் சிக்கல் மட்டுமன்று. உங்கள் கோப்பு உங்களுடையது. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் மொழி இன்னொருவரின் தனிச்சொத்து என்றால், நாளை எந்தப் பொறியை வாங்குவது என்பதையும் அந்த இன்னொருவரே முடிவு செய்வார். துபாஷிக்கு மொழி கற்க அனுமதி உண்டா என்பதே வழக்காயிற்று.

சன் நிறுவனம் 1998-இல் அளித்த புகாரின்மேல் ஐரோப்பிய ஆணையம் விசாரித்து, 2004 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மைக்ரோசாப்டுக்கு 49 கோடியே 70 இலட்சம் யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது. பிறருடைய சர்வர்கள் விண்டோஸோடு சரிவரப் பேசுவதற்கு வேண்டிய விவரங்களைத் தரவேண்டும் என்றும் ஆணையிட்டது. மேல்முறையீட்டின்போது சாம்பா குழுவினர் நீதிமன்றத்துக்குச் சென்று விளக்கம் அளித்தனர். 2007 செப்டம்பர் 17 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை உறுதி செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில், ஒரே ஒரு முறை 10,000 யூரோ செலுத்தி ஆவணங்களைப் பெறும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 2008 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் பல்லாயிரம் பக்க விளக்க ஆவணங்களை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது.

ஆவணங்கள் கிடைத்தபின்னும் வேலை எளிதாக முடியவில்லை. ஆக்டிவ் டைரக்டரி சர்வராகவே இயங்கவல்ல சாம்பாவின் நான்காம் பதிப்பு 2012 டிசம்பர் 11 அன்றுதான் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 2011-இல், மைக்ரோசாப்ட் பொறியாளர் ஒருவர் சாம்பாவுக்கு நிரல் பகுதி ஒன்றை அளித்திருந்தார். கதவு திறந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மலையின் இருபுறமும்

போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளை ஏறி மறுபுறம் இறங்கினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்குள்ள அரசுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி கட்டற்ற லினக்ஸ் முறையிலேயே நடக்கிறது. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் அந்தப் பாதையைத் தேர்ந்துகொண்டது. இப்புறம் நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் விண்டோஸ். ஒரே குடும்பத்தின் பிள்ளைகளுள் ஒருவர் அங்கும் ஒருவர் இங்கும் படிக்கும் எல்லைப்புறத்தில் இரு உலகங்களும் அன்றாடம் சந்திக்கின்றன.

தமிழகத்திலும் லினக்ஸ் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பொறிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அத்தகைய பொறி ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டுமே விழித்தெழும். ஆனால் லினக்ஸாக எழுந்த பொறியும் விண்டோஸாக எழுந்த பக்கத்துப் பொறியும் ஒரு கம்பியாலோ வைஃபை அலையாலோ இணைந்தால், சாம்பாவின் வழியாகக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள இயலும்.

சிறு நிறுவனங்களுக்கு இதனால் விளையும் பயன் கண்கூடு. விண்டோஸில் பழகிய எழுத்தர்களை மாற்றவேண்டுவதில்லை. சர்வருக்கு மட்டும் உரிமக் கட்டணமில்லாத லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம். தண்டவாளத்தைப் பெயர்க்காமலே சரக்கை மாற்றிவிடும் வழி இது. கோப்புகளைச் சேமித்து வைக்கக் கடைகளில் விற்கும் வலையமைப்பு வட்டுப் பெட்டிகள் பலவற்றுள்ளும் சாம்பா வேலை செய்கிறது. வாங்குபவருக்கு அதன் பெயர்கூடத் தெரிந்திராது.

ஓர் எச்சரிக்கை

இரு பக்கத்துக்கும் கதவு திறந்துவைப்பவர் காவலையும் எண்ணவேண்டும். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் கேடுநிரல், விண்டோஸின் பழைய எஸ்.எம்.பி. முதல் வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகப் பல நாடுகளின் கணிப்பொறிகளில் நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களே அகப்பட்டனர். அதே மே மாதத்தில் சாம்பாவிலும் 2010 முதல் மறைந்திருந்த ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. 2019 முதல் சாம்பாவில் அந்தப் பழைய முதல் வடிவம் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சாம்பாவை நிறுவுவோர் புதிய பதிப்பைப் பயன்படுத்தவேண்டும். பகிர்வை இணையத்துக்குத் திறந்துவிடாமல் கட்டிடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளவேண்டும். கடவுச்சொல் இல்லாத பகிர்வைத் தவிர்க்கவேண்டும்.

நீங்களே செய்து பார்க்கலாம்

உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பழைய கணிப்பொறி ஒன்று மூலையில் கிடக்கக்கூடும். ஆசிரியரின் அனுமதியோடு அதில் லினக்ஸை நிறுவி, சாம்பாவையும் சேர்த்து, ஓர் அடைவைப் பகிர்ந்து பாருங்கள். சாம்பாவின் அமைப்புக் கோப்பில் பகிர்வின் பெயர், அடைவின் இடம், எழுத அனுமதி உண்டா இல்லையா என்று சில வரிகளே எழுதவேண்டும். அதன்பின் உங்கள் சொந்த இரு பொறிகளுக்கு இடையே செல்லும் பொதிகளை, 'வயர்ஷார்க்' என்னும் இலவச நிரலைக் கொண்டு நோக்குங்கள். இன்றைய வடிவத்தில் பொதியின் முதல் பைட் 255 அன்று, 254. அதற்கடுத்த மூன்று பைட்கள் மட்டும் மாறவில்லை. 83, 77, 66 என்றே இருக்கும். 'ஏலம்' என்று பெயரிட்ட ஒரு கோப்பைத் திறந்து, அந்த நான்கு குறிகளும் எட்டு பைட்களாகக் கம்பியில் செல்வதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பின்னர் அதே பெயர் லினக்ஸ் வட்டில் பன்னிரண்டு பைட்களாக இருப்பதையும் எண்ணிப் பாருங்கள்.

1991-இல் டிரிட்ஜெல் கையில் வைத்திருந்த கருவிகள் இவற்றைவிட எளியவை. விதிநூல் எதுவும் அவரிடம் இல்லை. கம்பியில் ஓடிய பைட்களை ஒழுங்காகக் குறித்துவைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை அவரிடம் இருந்தது. ஊசல் சோதனையின் அளவீடுகளைக் குறிப்பேட்டில் எழுதும் மாணவருக்கும் வேண்டப்படுவது அந்தப் பொறுமையே.